விரிப்புக்கு மேலே ஒரு முதுகு

தீராத நோயாளிகளைச் சாகும்வரை பராமரிக்கும் தர்ம விடுதியில், காரியதரிசி தாம் மாலையும் கழுத்துமாக நிற்கும் எட்டாவது படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். புற்றுநோயில் துடிக்கும் மனைவி நீலாம்பாளை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறார் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி குமாரசாமி. வலியை அடக்கும் ஊசி ஊரில் வேறெங்கும் கிடையாது. ஜன்னல் வெயிலில் கட்டில் விரிப்புகள் பளிச்சென்றிருக்கின்றன. பட்டென்றால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். கட்டிலில் கிடக்கும் கிழவரை மெல்ல ஒருக்களிக்க வைத்துப் பிடிக்கிறார். முதுகெல்லாம் படுக்கைப் புண். "அப்பிடியே புடிச்சிக்கினு இருப்பா, காத்து படுது," என்கிறார் கிழவர்.

"விரிப்பு தெனம் மாத்தறோம்," என்கிறார் காரியதரிசி.

"ஐயா, எம் பொண்டாட்டிய நானே தெனம் வந்து திருப்பிப் போடறேன். உடுவீங்களா?"

"பொம்பளைங்க வார்டுல ஆம்பளையா? இங்க ஒழுக்கம் முக்கியம்பா."