அசைந்தால் மறையும்

ஹுமோரா கேமராவின் ஷட்டரைத் திறந்த அதே நேரம் பார்த்துத்தான் அவள் கணவன் எல்யோர் மதரஸா வாசற்படியில் வந்து நின்றான். தோளில் பயணப் பை, கையில் துணியில் சுற்றிய ரொட்டி.

அவள் அவனுக்கும் கட்டிடத்துக்கும் சேர்த்து முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைக் காற்று ஆட்டாதபடி குடையை விரித்துப் பிடித்து உட்கார்ந்தாள்.

காலை வெயில் சாய்வாக விழும் இந்தச் சிறு பொழுதில்தான் உஸ்பெக் நாட்டுப் புகாரா நகரின் செங்கல் பூவேலை எழுந்து நிற்கும். கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கி வைத்தாலும் சுவர் மல்லாக்கச் சாயும். மட்டம் பார்த்து வைத்திருந்தாள்.

லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. அதன் வழியே வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதனால் ஒரு படத்துக்கு ஷட்டர் நிமிடக் கணக்கில் திறந்தே இருக்கும். அவ்வளவு நேரமும் நடப்பவர், ஓடுபவர் எல்லாரும் படத்தில் கரைந்துபோவார்கள். கல்லோடு கல்லாக நிற்பவர் மட்டுமே மிஞ்சுவார்.

எல்யோர் ஒரு படத்திலும் மிஞ்சியதில்லை. காலில் சக்கரம் கட்டிய மனுஷன். கல்யாணமான புதிதில் எத்தனை வாசல்களில் நிறுத்திப் பார்த்தாள்! வாசல் இருக்கும், அவன் இருக்க மாட்டான்.

“ரொட்டி கொண்டு வந்திருக்கேன். உன் முன்னாலயே கடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே. கொஞ்சம் திரும்பித்தான் பாரேன்.”

தூர தேசம் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சம் வீட்டு ஆணியில் தொங்கும். கடித்தவன் திரும்பி வந்துதான் அதைத் தின்று தீர்க்க வேண்டும்.

மாஸ்கோவில் அடுக்குமாடி கட்டும் வேலைக்குப் போகிறான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றாலும் நின்றுவிடுவான். அந்த ஒரு வார்த்தை வந்தால்தானே! பாழாய்ப்போன வீம்பு.

“ஷட்டர் திறந்திருக்கு. வாசல்ல நிக்காதீங்க. கடிச்சு வச்சுட்டுக் கிளம்புங்க.”



புறாக்கள் எழும்பி எழும்பி அமர்ந்தன. யார் யாரோ நடந்து போனார்கள். எல்லாக் காலடியும் அவனுடையதாகவே கேட்டது. தெருமுனையில் அவனுக்காகக் காத்திருந்த வாடகைக் கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு கதவு அறைந்து சாத்தும் ஓசை, வண்டி கிளம்பும் ஓசை, தூசி வாசனை.

போய்விட்டான். குடைக்குள்ளேயே அழுதாள்.

வெகுநேரம் கழித்து ஷட்டர் மூடிக்கொண்டது. திறந்திருந்த அளவு நேரம் மறுபடியும் எடுத்துக்கொண்டுதான் இந்தக் கேமரா படத்தைத் துலக்கிக் காட்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள்.

வாசலில் யாரும் இல்லை. படியில் ரொட்டி மட்டும் இருந்தது.

ஓடிப்போய்த் துணியைப் பிரித்தாள். நிலாப் போல முழு வட்டம். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு பல் தடம் இல்லை.

அடப்பாவி, கடிக்காமலே போய்விட்டானே! திரும்பி வருகிற எண்ணமே இல்லையா?

ரொட்டியை மார்போடு அணைத்தபடி கேமராவிடம் வந்தபோது படம் துலங்கியிருந்தது.

சுவர் நேராக நின்றது. செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நடந்தவர்கள் இல்லை. புறாக்கள் இல்லை.

படியில் எல்யோர் இருந்தான்.

புகையாக இல்லை, நிழலாக இல்லை. சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவாக, ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முதுகையே பார்த்தபடி நின்றிருந்தான். ஹாரன் அடித்தபோதும் நின்றிருக்கிறான். வண்டி போனபோதும் நின்றிருக்கிறான்.

பின்னால் கிண்ணங்கள் உரசும் சத்தம் கேட்டது.

“நின்னு நின்னு கால் மரத்துப் போச்சும்மா. ஷட்டர் மூடுற சத்தம் கேட்டதும் எதிர்க்கடையில தேநீர் வாங்கப் போனேன்,” என்றான் எல்யோர். “அந்த ரொட்டியை இப்படிக் குடு. ரெண்டு பேரும் சேர்ந்தே தின்னு தீர்த்துடலாம்.”