ரோசா நிறத் தண்ணீர்

நான்காவது திருகாணியும் கை நழுவி டாஷ்போர்டுக்குள் விழுந்தபோது கஜீவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம். உதிரிப்பாகக் கடை பூட்டியாயிற்று. நாளை ஞாயிறு, சுவிஸின் வில் நகரத்து அடுக்குமாடியின் இந்த வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சுத்தியல் சத்தம் கேட்டால் போதும், கட்டடப் பொறுப்பாளர் ஹவுஸ்வார்ட் இறங்கி வந்துவிடுவார். திங்கள் விடியப் பயணம்.

அந்தப் பயணத்துக்காகத்தான் கட்டிலும் குசினியும் உள்ள இந்தப் பழைய வோன்மொபில் வண்டியையே வாங்கினான். அப்பா இராஜசிங்கம் டென்மார்க்கில் இருக்கிற தன் ஒரே தங்கச்சியைப் பார்த்து இருபது வருடம். விமானம் ஏற டொக்டர் விடவில்லை.

வாங்கிய நாளிலிருந்து ஹீற்றர் உயிரை வாங்குகிறது.

கொஞ்சத் தூரம் ஓடினாலே முன் சீற்றுக்குக் கீழே கால்விரிப்பு நனைந்துவிடும். முன் சீற் அப்பாவுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஹீற்றர் ஒழுகுகிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். காற்சட்டையெல்லாம் நனைந்துவிட்டதென்று தானே தோய்த்தும் போட்டார்.

முதலில் குழாய்க் கிளிப்பை மாற்றினான். போடன்சே ஏரிவரை ஓடிப் பார்த்தார்கள். நனைந்தது.

பிறகு சுடுதண்ணீர் வால்வை இறுக்கினான். நேற்று அப்பென்செல்வரை ஓடிப் பார்த்தார்கள். அதுவும் நனைந்தது.

யூடியூபில் ஒரு ஜெர்மன்காரன் கை அழுக்காகாமல், சிரித்துக்கொண்டே, பத்து நிமிடத்தில் டாஷ்போர்டைக் கழற்றினான். கஜீவனுக்குக் காலையிலிருந்து இதே வேலை. அந்த ஆள் இப்போது நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஹீற்றருக்குள் ஓடுகிற எஞ்சின் தண்ணீருக்கு நிறம் கலந்திருப்பார்களே, கால்விரிப்புத் தண்ணீரில் நிறமே இல்லையே என்று மனைவி பிரசாந்தினி போன கிழமையே கேட்டாள். பழைய சொந்தக்காரன் வெறும் பைப் தண்ணீரை ஊற்றியிருப்பான் என்று அவள் வாயை அடைத்தான். மங்கிப்போன தொட்டியில் வெளியே தெரிந்த எஞ்சின் தண்ணீர் மட்டமும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அந்த அளவுக்கோடு பொய் என்று அதையும் திட்டினான். ஆத்திரத்தில் அவனுக்குக் கண் தெரியவில்லை.

மதியம் அப்பா இறங்கிவந்து, கழற்றிப் போட்டதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உது சரிவராது தம்பி. நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ. நான் வீட்டில நிக்கிறன்."

பிரசாந்தினி நீட்டிய தேத்தண்ணீரையும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். இந்த வண்டி வந்ததிலிருந்து அவர் தேத்தண்ணீரையே தொடுவதில்லை.

தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்ன மனிதர். ஒரு ஓட்டை ஹீற்றருக்காக வரவில்லையாம். கஜீவன் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

ஹீற்றரையே பிடுங்கிவிடுவது என்று இப்போது குழாயைக் கழற்றினான்.

கீழே வைத்த பேசினுக்குள் தண்ணீர் கொட்டியது. பளிச்சென்று ரோசா நிறம்.

கை அப்படியே நின்றது.

வெள்ளைக் கடதாசியால் கால்விரிப்பை ஒற்றிப் பார்த்தான். நிறமில்லை. ஹீற்றரின் அடியை விரலால் தடவினான். தூசி. பல வருடத்துக் காய்ந்த தூசி.

அப்பாவின் சீற்றில் எப்போதும் மடித்துக் கிடக்கும் துவாயை எடுத்தான். அதற்குக் கீழே பஞ்சு ஈரமாக இருந்தது. டாஷ்போர்டில் ஒழுகுகிற தண்ணீர் மேலே ஏறிச் சீற்றை நனைக்காது.

குனிந்து மணந்து பார்த்தான். பயணத்தில் வயிற்றைப் பிரட்டும் என்று அப்பா தாராளமாகத் தெளித்துக்கொள்ளும் ஓடிக்கொலோன் வாசம். அதற்கு அடியில் சிறுநீர்.

கஜீவன் ஊத்தைக் கையோடு வண்டியின் படியில் இருந்துவிட்டான்.

பின்னால் கழிப்பறை இருக்கிறதுதான். மெல்லிய பிளாஸ்டிக் கதவு. அதற்கு நேர் எதிரே மருமகள் இருக்கும் மேசை. அதுவும் வேண்டாமென்றால், வண்டியை நிறுத்து என்று மகனிடம் கேட்க வேண்டும். மணிக்கொரு தடவை கேட்க வேண்டும். அப்பா கேட்கமாட்டார். தேத்தண்ணீரை விட்டுப் பார்த்தார். அதுவும் உதவவில்லை என்றதும் பழியை ஹீற்றரின் தலையில் போட்டுவிட்டார்.

கஜீவனுக்கு இப்போது தன்மேல்தான் எரிச்சல் வந்தது. இத்தனை நாளாக அந்தக் கால்விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தானே ஒழிய, அதில் கால் வைத்திருந்தவரைப் பார்க்கவில்லை.

எழுந்து குழாயைத் திரும்ப மாட்டிக் கிளிப்பை இறுக்கினான். மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பேசினைத் தூக்கி, சீற்றிலும் கால்விரிப்பிலும் ரோசாத் தண்ணீரை நன்றாக ஊற்றினான்.

கூப்பிட்டதும் அப்பா இறங்கி வந்தார். பின்னால் பிரசாந்தினி பிளாஸ்கோடு வந்தாள்.

"ஹீற்றர்தான் அப்பா, கண்டுபிடிச்சிட்டன். சீற்றும் போச்சு, வேற பஞ்சு போட்டுவிடுறன். ஆனா முழுக்கச் சரிவராது. டென்மார்க் போகுமட்டும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி, எல்லாரும் இறங்கி, ஆறவிட்டுத்தான் ஓடவேணும்."

அப்பா குனிந்து அந்த ரோசா நிறத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பிரசாந்தினியின் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ஒரு தேத்தண்ணி தா பிள்ளை."