214-ஆம் பிரதி

அண்டர்கிரவுண்ட் ஹிப்-ஹாப் ஆல்பங்களை மறுபடியும் இசைத்தட்டாக வெளியிடுகிறார்கள். முந்நூறு பிரதிதான் போடுவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் எண் எழுதியிருக்கும். எனக்கு வந்தது 214. அதன்மேல் என் மனைவி டீ கப்பை வைத்துத் தொலைத்தாள். வட்டமாகக் கறை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மனசு கேட்காமல் அதே ஆல்பத்தில் இன்னொரு பிரதி வாங்கினேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வந்தது. எண் 214. உறைக்கு உள்ளே, அட்டையில், அதே இடத்தில் அதே வட்டம்.

"இதையும் தொட்டியா?"

"பார்சலைப் பிரிச்சதே நீங்கதானே? எதுக்கெடுத்தாலும் என் தலைதான் உருளணுமா?"

கடைக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். "ஒரு நம்பரை ஒரு தடவைதான் சார் எழுதுவோம். திருப்பி அனுப்புங்க, மாத்தித் தரேன்" என்றார். மாற்றித் தந்தார். 214. கறை. அதையும் திருப்பி அனுப்பினேன். முதலில் வாங்கியது என் அலமாரியிலேயேதான் இருக்கிறது.

இன்று காலை அடுத்த பார்சல் வந்தது. 214-ஐப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த முறை பழைய கறைக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம்.

"இன்னைக்கும் கப்பை வெச்சுட்டியா?" என்று கத்தினேன்.

"இன்னும் டீயே போடலைங்க," சமையலறையிலிருந்து சலிப்பாகக் குரல் வந்தது. "பாலே இப்பதான் அடுப்புல ஏத்தியிருக்கேன்."

உறையைப் பிரிக்காமலே புது வட்டத்தின்மேல் விரலை வைத்தேன்.

பிளாஸ்டிக் சுட்டது.