மினுக்கிய சதம்

“பிள்ளை, இந்தச் சதத்தை மினுக்கினனியோ?” என்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பேரின்பநாதன் ஐயா என்னைக் கேட்டார்.

என் அண்ணா ரதீசன் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் வைத்தே, பிழையாக அச்சான நாணயங்களை விற்கிறான். இந்தச் செம்புச் சதத்தில் மேப்பிள் இலை பாதிதான் விழுந்திருந்தது. அதன் மேல் யாருடையதோ ஒரு கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கியபோது, அழுக்கென்று நினைத்து அதையும் மினுக்கிவிட்டேன். ரேகை போய்விட்டது.

அன்று மாலை அண்ணா தொலைபேசியில் பேரின்பநாதன் ஐயாவிடம், “மினுக்கின காசை ஆரும் தொடமாட்டினம் ஐயா. நான் அப்பிடியே வைச்சிருக்கிறன், நம்பி வாங்கோ” என்றான். அவனுடைய சொல் என்னால் பொய்யாகப் போகிறதே என்று குளியலறைக்குள் இருந்து அழுதேன். அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணாவின் காசுப் பெட்டியைத் திறந்தேன். சதம் பழையபடி மண்ணிறமாக இருந்தது. ரேகையும் இருந்தது. அன்று மத்தியானம்தான் ஐயா வந்து அப்படிக் கேட்டார்.

“அவளுக்குக் குத்துவிளக்கைத் தவிர வேறொண்டும் மினுக்கத் தெரியாது ஐயா” என்று அண்ணாவே எனக்காகப் பதில் சொன்னான்.

ஐயா சிரித்தார். சதத்தை விளிம்பில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். அண்ணா தேநீர் எடுக்க உள்ளே போனதும், தன் வலது கட்டைவிரலை எனக்கு நீட்டிக் காட்டினார். அதில் ஒரு ரேகைகூட இல்லை. எங்கள் விளக்கைப் போல மினுங்கியது; சதத்துக்குத் திரும்பி வந்தது அவருடைய ரேகை. அவர் முகத்தில் கோபம் இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.