ரோட் ரன்னருக்கு ஒரு எஞ்சின்

“போன சனிக்கிழமை ‘ஹெமி எஞ்சின்தான், வேற பேச்சே கிடையாது’ன்னு குதிச்சது யாருப்பா? நானா?”

கராஜிலிருந்து வந்த மகள் கார்லாவின் குரல் சமையலறை வரை கேட்டது. அடுப்பில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லியைக் கிளறிக்கொண்டிருந்த ஆர்லீன் பல்லைக் கடித்தாள். ஆரம்பித்துவிட்டார்கள்.

“சொன்னேன். இல்லேன்னு சொல்லலையே,” என்றார் அவள் கணவர் டெல்பர்ட். “இப்ப யோசிச்சுப் பார்த்தா ஹெமி சரிப்படாதும்மா. என்னா கனம்! முன்பக்கம் அழுத்திக்கிட்டு உட்கார்ந்துடும். பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்திப் புகை விடும். பாதி தூரம் போனப்புறம்தான் அது தூக்கத்துலேருந்தே எழுந்திருக்கும். பந்தயத்துல ஓடப்போறதே கால் மைல். அதே நானூத்தி நாப்பது எஞ்சின்னா பச்சை விளக்கு விழுந்ததும் பாயும்.”

“அதையேதானே நான் போன வாரம் தொண்டை கிழியச் சொன்னேன்!”

“சரி, நீ சொன்னதே இருக்கட்டும். நானூத்தி நாப்பது.”

ஆர்லீன் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். ஒத்துப்போய்விட்டார்களா? நிஜமாகவா?

“ஆனா...” என்று இழுத்தாள் கார்லா. “நாம ஓட்டப்போற பிரிவுக்கு நானூத்தி நாப்பது அதிகமோன்னு தோணுதுப்பா. முன்னூத்தி எண்பத்திமூணே போதாதா? கொஞ்சம் லேசு. இந்த வண்டியோட பொறந்ததும் அதுதான்.”

“முன்னூத்தி எண்பத்திமூணா? மளிகை வாங்கவா போறோம்? அதுக்குப் பேசாம ஹெமியே போட்டுடலாம்!”

ஆர்லீன் அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கராஜுக்குப் போனாள்.

ஸ்டாண்டுகளின் மேல் நின்றிருந்தது அந்த ஆரஞ்சு நிற அறுபத்தொன்பதாம் வருஷத்து ரோட் ரன்னர் கார். புது பெயின்ட், புது சீட், புது சக்கரங்கள். பானெட்டைத் திறந்தால் மட்டும் உள்ளே வெறும் தரை தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே அச்சில் வார்த்ததுபோல் அப்பாவும் பெண்ணும்.

“மூணு குளிர்காலம்!” என்றாள் ஆர்லீன். “ஓடுற என் கார் வெளியில பனியில கிடக்கு. எஞ்சினே இல்லாத இந்தத் தகரத்துக்குக் கூரை, ஹீட்டர்! தினம் காலையில கண்ணாடியில ஐஸைச் சுரண்டிச் சுரண்டி என் தோள்பட்டையே போச்சு.”

“இதெல்லாம் அவசரப்பட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல, ஆர்லீன்.”

“உன்னைக் கல்யாணம் பண்ணிக்க நான் ஒரு வாரம்கூட யோசிக்கல, டெல்பர்ட்.”

“அதனாலதான் சொல்றேன்,” என்று முணுமுணுத்தார் அவர்.

கார்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ஆர்லீனின் மிச்சப் பொறுமையையும் காலி செய்தது. போனை எடுத்து, பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் எர்னியை அழைத்தாள்.

“எர்னி, ஒரு நானூத்தி நாப்பது தயாரா இருக்குன்னியே, இன்னும் இருக்கா? நல்லது. திங்கட்கிழமை கொண்டுவா. இறக்கி, மாட்டி, உறும வெச்சுட்டுத்தான் நீ வீட்டைவிட்டுப் போகணும்.”

போனை வைத்தாள். “முடிஞ்சது. சீசனோட முதல் பந்தயத்துல கார்லா ஓட்டுறா. நான் என் காரை உள்ளே நிறுத்துறேன்.”

டெல்பர்ட் ஏற்கெனவே பளபளத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார். கார்லா கோட்டை எடுத்து மாட்டினாள்.

“ராத்திரி வரைக்கும் இருப்பேன்னியேடி? சில்லி பண்ணியிருக்கேன்.”

“தலை வலிக்குதும்மா. கொலம்பஸ்ல என் வீட்டுக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும்.”

அவள் கார் தெருமுனை திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து டெல்பர்ட் சமையலறைக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

“எர்னிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு.”

“இப்ப என்ன? ஹெமியா? இல்ல, வேற ஏதாவது புதுசா கண்டுபிடிச்சுட்டியா?”

“எதுவுமே வேண்டாம்.”

“டெல்பர்ட், இந்தக் கரண்டியாலேயே ஒண்ணு போட்டுடுவேன்!”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்தக் காரை வாங்கறதுக்கு முன்னாடி அவ எப்ப வந்தா, சொல்லு பார்ப்போம். நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கு வருவா, வான்கோழி சாப்பிடுவா, கை குலுக்காத குறையா போயிடுவா. எங்கிட்ட பேச அவளுக்கு ஒண்ணுமே இருக்காது. இப்ப சனிக்கிழமை ஆனா அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்து என்கூட சண்டை போடறா. எஞ்சினை மாட்டிட்டா அப்புறம் எதுக்கு வருவா?”

ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் மட்டும் முழுசாகப் போகவில்லை.

“இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் ஒரு ஷெட்டாவது போட்டிருப்பேன்ல?” என்று சொல்லிக்கொண்டே எர்னியின் எண்ணை அழுத்தினாள்.

“எர்னி, என்னை மன்னிச்சுக்கோ. அந்த நானூத்தி நாப்பது வேண்டாம்.”

“அதான் தெரியுமே, ஆர்லீன்,” என்றார் எர்னி. “இப்பத்தான் கார்லா வழியில காரை நிறுத்திட்டுப் போன் பண்ணினா. ‘எஞ்சினை வேற யாரோ வாங்கிட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிடு எர்னி, அந்தக் கார் முடிஞ்சுட்டா நான் எந்தச் சாக்கை வெச்சு வீட்டுக்கு வருவேன்?’னு கெஞ்சினா.”