எட்டாம் பக்கத்து ஆள்

“போலீஸ் தேடுற ஆளா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான் காமில்.

இராக்கம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அந்த ஆட்டத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

பதுளைக்கு ரயில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கலியாணக் கடிதமும் தேயிலைப் பெட்டி லேபிளும் அடித்துக்கொண்டிருந்த அலவி முதலாளியின் அச்சுக்கூடத்தில், காமில் முதன்முதலாக ஒரு புத்தகத்துக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தான். “சனிக்கிழமைக் கண்காட்சிக்கு இது போகாட்டி, நீ மறுபடியும் லேபிளுக்குத்தான்” என்று முதலாளி சொல்லிவிட்டுத்தான் தொழப் போயிருந்தார்.

புத்தகம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் துரைசானியுடையது. தோட்டத்து ஆட்கள் ஒன்பது பேருக்குப் பெட்டிக் கேமராவில் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். சுருளைக் கொழும்புக்கு அனுப்பி, தனக்குப் பிடித்த படங்களைத் தானே பொறுக்கி, அச்சடிக்க பிளாக்கும் செய்து வரவழைத்தாள். எடுத்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எடுத்தவர் பெயரும் படத்தில் இருப்பவர் பெயரும் கட்டாயம் வேண்டும் என்பது அவள் உத்தரவு.

படங்கள் இருந்த லட்சணம் காமிலுக்குத்தான் தெரியும். நல்லையா எடுத்த ஆறிலும் அவனுடைய கட்டைவிரல் நமுனுகுலை மலைபோல நின்றது. காமில் மனம் தளராமல், ‘நல்லையா எடுத்த நல்லையாவின் விரல்’ என்று எழுத்துக் கோத்து, சுற்றிலும் பூக்கரை கட்டினான்.

எட்டாம் பக்கம் மட்டும் வேறு ஜாதி. பனியனும் அவிழ்ந்த குடுமியுமாக, வாசற்படியில் குந்திப் பலாச்சுளை தின்றபடி, ஓர் ஆள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பூக்கரை எதுவும் வேண்டாமென்று காமில் அதை ஒரு முழுப்பக்கத்தில் தனியாக வைத்திருந்தான். எடுத்தவள் இராக்கம்மா. படத்தில் இருப்பவர் பெயர்தான் பாக்கி.

அவளோ விடிந்ததும் விடியாததுமாக மலை இறங்கி வந்ததே அந்தப் படத்தைத் தூக்கச் சொல்லத்தான்.

“அது மட்டும் வேணாங்க நானா. எடுத்துப்புடுங்க” என்று காமிலை அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினாள்.

“என்னத்துக்கு? இந்தப் புத்தகத்தில மனுசன் மாதிரி இருக்கிறது அது ஒண்டுதான் தங்கச்சி!”

“அப்ப படம் இருக்கட்டும். பேரு வேணாம்.”

“பேர் இல்லாட்டி துரைசானி திருப்பி அனுப்பிருவா. என்ட வேலை போயிரும்.”

இராக்கம்மா யோசித்தாள். “முனியாண்டின்னு போட்டுக்கங்க.”

“அவர் பேர் முனியாண்டியா?”

“இல்லீங்க.”

காமில் நெற்றியைத் தடவிக்கொண்டான். நெற்றியெல்லாம் மை.

“தோட்டத்தை விட்டு ஓடிப்போன ஆளா?”

“இல்லீங்க.”

“மௌத்தாப் போனவரா? செத்துப்போயிட்டாரா?”

“வாயக் கழுவுங்க நானா! அவுக நூறு வருசம் இருக்கணும்!”

“அப்ப பேர் தெரியாதா?”

“தெரியாம என்ன. சொல்ல மாட்டேன்.”

பெண்சாதி பிள்ளை இல்லாத காமிலுக்கு அப்போது ஒன்று பளிச்சென்று பிடிபட்டது. பயம்! சிரிக்கிறவன் எவனோ பெரிய முரடன். இந்தப் பேதையை மிரட்டி வாயைக் கட்டி வைத்திருக்கிறான். அதுவரை அச்செழுத்துப் பெட்டியில் குடியிருந்த எலியைத் தவிர வேறு யாரையும் எதிர்த்திராத காமில், மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

“பயப்படாதீங்க தங்கச்சி. நான் இருக்கேன். எப்பாடு பட்டாவது அந்த ஆள் யாரெண்டு நான் கண்டுபிடிக்கிறேன்.”

இராக்கம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. நன்றியில் அழுகிறாள் என்று காமில் நினைத்தான்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவள் பாக்கியலெட்சுமி, அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் சம்சாரம். ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. தன் வீட்டுப் பசுவைப் படம் பிடித்தவள். அவளைக் கண்டதும் இராக்கம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“எங்க மாட்டுக்கு எந்தப் பக்கம் தம்பி?”

“நாலாம் பக்கம்மா. முழுப்பக்கம்.”

“கொம்பு ரெண்டும் விழுந்திருக்கா?”

“ஒண்டரைக் கொம்பு.”

சமாதானமாகி, புரூப் தாள்களைத் தானே புரட்ட ஆரம்பித்தாள். எட்டாம் பக்கத்தில் கை நின்றது. தாளைக் கிட்டத்தில் பிடித்தாள், எட்டத்தில் பிடித்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பல்லா!” என்று முணுமுணுத்தாள்.

காமில் துள்ளி எழுந்தான். “இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாம?”

“அல்ஹம்துலில்லாஹ்! பேரைச் சொல்லுங்க, இப்பவே எழுத்துக் கோத்துருவேன்.”

பாக்கியலெட்சுமி ஒரு கையால் தாலியைத் தொட்டு, மறுகையால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயே! நான் எப்புடி அதைச் சொல்லுவேன்?”

“நீங்களுமா?” காமில் தலையில் கை வைத்துக்கொண்டு கடதாசிக் கட்டுப் பக்கம் திரும்பினான். “இந்தா, இராக்கம்மாவும் காலையிலேருந்து இதே கதைதான்!”

பாக்கியலெட்சுமி வாயிலிருந்த முந்தானையை மெதுவாக எடுத்தாள்.

“நான் சொல்லாதது சரி. நீ ஏன்டி சொல்லல?”