அழகுக்குச் சொன்னது

அக்கா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். லீவு போட்டு வந்திருந்த தங்கை, அக்கா மகளை மறுநாள் ஆங்கிலப் பரீட்சைக்குத் தயார்செய்துகொண்டிருந்தாள்.

"சித்தி, சிமிலிக்கு ஒரு உதாரணம் சொல்லட்டா? யூ ஆர் லைக் மை மதர்."

"கெட்டிக்காரி! லைக் வந்தா சிமிலிதான், நம்ம உவமை மாதிரி."

"அந்த லைக்கை எடுத்துட்டா? யூ ஆர் மை மதர்."

சித்தி புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு, "அது மெட்டஃபர், உருவகம்" என்றாள்.

"ஆனா ரெண்டுமே நிஜம் இல்லல்ல?"

"நிஜம் இல்ல, கண்ணு. சும்மா அழகுக்குச் சொல்றது."

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

குழந்தையில்லாமல் ஏங்கிக் கிடந்த அக்காவின் மடியில், பெற்ற கையோடு தங்கை வைத்துவிட்டுப் போன பிள்ளை இவள். கடைசிவரை சித்தியாகவே இருந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவளும் தங்கைதான்.

அக்கா ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்த தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு நீ சித்திகிட்ட படுத்துக்கோ" என்றாள் மகளிடம்.

"நிஜமாவா? நீ தனியா படுப்பியாம்மா?"

"ஒரு நாளைக்குத்தானே. படுத்துக்கறேன்."

மகள் தலையணையை எடுத்துவர ஓடினாள். தங்கை அக்காவின் ஈரக்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.